தென்புலத்தார் வரும் காலமும் பாரத நாட்டின் நில அமைப்பும்



நவராத்திரிப் பெருவிழாவின் முதல் நாளாகிய இன்று அம்பிகையின் திருப்புகழைப் பேசுவதற்காக இத்திருக்கோயிலில் கூடியிருக்கிறோம். நேற்று மாளய அமாவாசை. முன்னோருக்கு நீர் இறைத்த கையின் ஈரம் உலர்வதற்குள் அக்கை அன்னையை நோக்கிக் குவிகின்றது. இவ்விரண்டையும் நம் பெரியோர் அடுத்தடுத்து வைத்ததில் ஆழ்ந்த கருத்து உண்டு. ஆதலின் நேற்றோடு நிறைவுற்ற அந்தப் பதினைந்து நாள்களைப் பற்றி இன்று சிறிது சிந்தித்துவிட்டு, நாளை முதல் தேவியின் பெருமைக்குள் புகுவோம்.

இன்றைய பொருளை இவ்வாறு மாற்றிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நேற்றுக் காலை காவிரிப் படித்துறையில் நீராடிக் கரையேறினோம். அப்போது எள்ளும் நீரும் இறைத்து முடித்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து வணங்கினார். அவர் அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினில் பணி செய்பவர். தந்தையார் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றனவாம்.

"ஐயா, ஓர் ஐயம். நான் வாழும் நாட்டில் அக்டோபர் இறுதியில் வீட்டுக்கு வீடு விளக்கேற்றி, இறந்தோர் திரும்பி வரும் இரவு என்று கொண்டாடுகிறார்கள். நாமும் ஏறக்குறைய அதே பருவத்தில் இதைச் செய்கிறோம். அப்படியானால் இது சாத்திரம் விதித்ததா, பருவம் விதித்ததா? வெறும் பருவத்தின் செயல் என்றால் நான் இவ்வளவு தொலைவு வருவது எதற்கு? சாத்திரம் என்றால், விடுப்புக் கிடைக்காத ஆண்டில் நான் எந்த ஆற்றைத் தேடுவேன்?" என்று கேட்டார்.

"தம்பி, நாளை மாலை கோயிலுக்கு வாருங்கள்; அங்கே விடை சொல்கிறோம்" என்றோம். அவரும் வந்து அமர்ந்திருக்கிறார். அவர் கேட்டது பலருடைய உள்ளத்திலும் உள்ள கேள்வியாதலின் எல்லோரும் கேட்கும்படி விடை கூறுவதே முறை.

மேலைக் கடலின் விளிம்பில்

முதலில் அவர் வாழும் நாட்டையே காண்போம். அயர்லாந்து என்பது ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் அட்லாண்டிக் பெருங்கடலுள் கிடக்கும் ஒரு தீவு. டப்ளின் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 53 பாகையில் உள்ளது. நம் தமிழ்நாட்டில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11 மணி நேரத்திற்குக் குறைவதில்லை. அங்கோ நவம்பர் முதல் நாளில் பகல் ஏறத்தாழ 9½ மணி நேரமே. டிசம்பரில் 7½ மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

கோடையில் குன்றுகளின் மேல் மேய்ந்த ஆனிரைகளைக் குளிருக்கு முன் கீழே ஓட்டி வரும் காலம் அது. பழைய அயர்லாந்து மக்கள் ஆண்டை ஒளிப்பாதி, இருட்பாதி என இரண்டாகப் பகுத்து, இருட்பாதி தொடங்கும் நவம்பர் முதல் நாளைச் 'சவின்' என்றனர். இரண்டு பாதிகளும் சந்திக்கும் அந்த இரவில் இம்மைக்கும் மறுமைக்கும் இடையிலுள்ள கதவு திறக்கும் என்று கருதினர். இதனை அந்நாட்டுத் துறவியர் பிற்காலத்தில் எழுதிவைத்த கதைகளால் அறிகிறோம். இறந்தோர் சென்று சேரும் இல்லம் தென்மேற்குக் கடலிலுள்ள ஒரு பாறை என்பதும் அவர்கள் நம்பிக்கை. குளிர்காலத்து ஞாயிறு அத்திசையில் அன்றோ மறைகின்றது! பின்னர்க் கிறித்தவம் பரவியபோது நவம்பர் 1 புனிதர் அனைவருக்கும் உரிய நாளாயிற்று. கி.பி. 1000ஐ ஒட்டிப் பிரான்சு நாட்டுக் க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ என்பார் நவம்பர் 2ஐ இறந்தோர் அனைவருக்கும் உரிய நாளாகத் தம் மடங்களில் நிறுவ, அதுவே பிற இடங்களிலும் பரவிற்று.

இனி மெக்சிகோ நாட்டைப் பாருங்கள். அங்கும் நவம்பர் 1, 2 ஆகிய நாள்களே நீத்தாருக்கு உரியவை. 1521இல் ஸ்பானியர் அந்நாட்டைக் கைக்கொண்ட பின்னர், பழங்குடி மக்களின் நீத்தார் வழிபாடும் வந்தவர்களுடைய நவம்பர் நாள்களும் ஒன்றாகக் கலந்தன. ஆயினும் அங்கே அது அச்சத்தின் இரவன்று. மழைக்காலம் ஓய்ந்து மக்காச்சோளம் வீடு வந்து சேரும் காலம் அது. வயலெங்கும் மஞ்சட் பூக்கள் மலர்ந்திருக்கும். அப்பூவின் இதழ்களைத் தெருவிலிருந்து வீட்டுப் படையல் வரை பாதையாகத் தூவி முன்னோரை அழைக்கின்றனர். அந்தப் பூ எது தெரியுமா? நம் கோயில் வாயிலில் இன்று தோரணமாகத் தொங்குகிறதே, துலுக்கச் சாமந்தி என்கிறோமே, அதுதான். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அம்மலர் கடல் கடந்து வந்து இறைவன் திருவடியை அடைந்திருக்கிறது.

ஆக, ஒரு நாட்டில் ஒளி குறைவதால் முன்னோர் நினைவு எழுந்தது. மற்றொரு நாட்டில் விளைவு நிறைவதால் எழுந்தது. நம் பாரத நாட்டின் சிறப்பு யாதெனில், இவ்விரண்டும் இங்கே ஒருசேர நிகழ்கின்றன என்பதேயாம். விண்ணில் ஞாயிறு தெற்கே சாய்கின்ற அதே நாள்களில் மண்ணில் நீரும் நெல்லும் நிறைகின்றன. இதனைச் சற்று விரித்துக் காண்போம்.

விண்ணின் கணக்கு

ஆவணி இறுதியிலோ புரட்டாசியிலோ வரும் முழுநிலவுக்கு மறுநாள் தொடங்கி, அமாவாசை ஈறாக உள்ள தேய்பிறையே மாளய பட்சம். ஞாயிறு கன்னி ராசியில் நிற்கும் காலத்தில் பிதிரர் தம் உலகை விட்டு மக்களின் இல்லம் நாடி வருகின்றனர் என்பது முன்னோர் கொள்கை.

இதில் ஞாயிற்றின் கணக்கு ஒன்று இருக்கிறது. நம் நாட்டின் பெருநிலப்பரப்பு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 8 பாகை முதல் 37 பாகை வரை பரந்துள்ளது. கடகரேகைக்கு வடக்கே உள்ள கயை, காசி முதலிய தலங்களில் நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் தெற்கேதான் நிற்கும். இராமேசுவரத்திலோ சித்திரைப் பிறப்பு முதல் ஆவணி முற்பகுதி வரை நண்பகல் ஞாயிறு உச்சிக்கு வடபுறத்தே நின்று, அதன் பின்னரே தென்புறம் சாய்கின்றது. ஆவணியின் நடுப்பகுதிக்குள் குமரி முனையிலும் அவ்வாறு சாய்ந்துவிடும். ஆகவே புரட்டாசி பிறக்கும்போது இமயம் முதல் குமரி வரை எங்கு நின்று நோக்கினும் நண்பகல் ஞாயிறு தெற்கே. நம் நிழல் வடக்கே. செப்டம்பர் 22 அல்லது 23இல் ஞாயிறு நிலநடுக்கோட்டையும் கடந்து தென்பாதிக்குள் புகுகின்றது. தென்திசை பிதிரர்க்கு உரியது என்று கொண்டவர்கள், நாடு முழுவதிலும் ஞாயிறு தெற்கு நோக்கும் இக்காலத்தை அவர்களுக்கு உரிமையாக்கியது எத்துணைப் பொருத்தம்!

திங்களின் கணக்கும் ஒன்றுண்டு. நமக்கு ஒரு மாதம் பிதிரர்க்கு ஒரு நாள் என்று நூல்கள் கூறும். பிதிரர் திங்களின் மேற்புறத்தே வாழ்கின்றனர் என்றும், நமக்கு அமாவாசையாகும்போது ஞாயிறு அவர்கள் தலைக்கு நேரே நிற்கின்றது என்றும் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதையாகிய பாஸ்கராசாரியர் தமது 'சித்தாந்த சிரோமணி'யில் கூறுகின்றார். இன்றைய வானநூலும் திங்களில் ஒரு பகலும் ஓர் இரவும் கழிய ஏறத்தாழ 29½ நாள் ஆகும் என்றே சொல்கின்றது. நமக்கு அமாவாசை என்றால் நாம் காணாத நிலவின் மறுபுறத்திற்கு நண்பகல். நண்பகல் உணவு வேளையன்றோ! நமக்கு நிலவு மறைந்த இருள்நாள், அவர்களுக்கு அமுது கொள்ளும் வேளை.

மண்ணின் கணக்கு

விண்ணைப் பார்த்தோம், இனி மண்ணைப் பார்ப்போம். நம் நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ முக்காற்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. கேரளக் கரையில் ஜூன் தொடக்கத்தில் புகும் அம்மழை வடமேற்கே இராசத்தான் வரை சென்று, செப்டம்பர் நடுவில் அங்கிருந்து பின்வாங்கத் தொடங்கி, அக்டோபர் நடுவில் நாட்டைவிட்டு நீங்குகின்றது. இவ்வாறு மழை ஓய்ந்து, சேறு அடங்கி, ஆற்று நீர் தெளிந்து, வானம் வெளுக்கும் பருவத்தை வடநூலார் 'சரத்' என்றனர். நூறு சரத் காலம் வாழ்வாயாக என்று வாழ்த்துவது வேத மரபு. ஒரு மழைக்காலத்தைக் கடந்து பிழைத்தவனே ஓர் ஆண்டைக் கடந்தவன் என்பது அதன் கருத்துப் போலும்.

கயையில் ஓடும் பல்குனி ஆற்றைப் பாருங்கள். அது ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். மணலைத் தோண்டித்தான் நீர் காணவேண்டும். சீதாபிராட்டியின் சாபத்தால் அது மணலுக்குள் ஒளிந்து ஓடுகின்றது என்பது தலவரலாறு. அத்தகைய ஆற்றிலும் நீர் கண்ணுக்குத் தெரியும் காலம் மழைக்காலமே. நாடெங்குமிருந்து மக்கள் அங்கே கூடும் காலம் மாளய பட்சமாக அமைந்ததில் வியப்பில்லை. அவ்விடத்தில் என்றும் நீர் நிற்கவேண்டும் என்பதற்காகவே விஷ்ணுபாதக் கோயிலருகே 2022இல் ரப்பர் அணை ஒன்று அமைத்தார்கள்.

மாளயத்தில் வந்த முன்னோர் அடுத்த அமாவாசையாகிய தீபாவளி அமாவாசையில் திரும்பிச் செல்கின்றனர் என்றும், அவர்களுக்கு வழி காட்டத் தீவட்டி ஏந்தவேண்டும் என்றும் வடநாட்டு மரபு கூறும். ஒடிசாவின் பூரி நகரில் அன்று மக்கள் சணல் தட்டைகளைக் கொளுத்தி உயர்த்திப் பிடித்து முன்னோரை விளித்து வழியனுப்புகின்றனர். வங்காளத்தில் அதற்கு முந்திய இரவில் பதினான்கு தலைமுறை முன்னோரை எண்ணிப் பதினான்கு விளக்கேற்றுகின்றனர். பதினான்கு வகைக் கீரையைச் சமைத்து உண்ணுகின்றனர். மழை ஓய்ந்த வயலில் கீரை தழைத்திருக்கும் காலம் அது. நிலம் தந்ததையே நீத்தார் நாளும் ஏற்றுக்கொண்டது காண்க.

தமிழ்நிலத்தின் மூன்று அமாவாசைகள்

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். "வடக்கே சரத் காலம், சரி. தமிழ்நாட்டில் மழை அப்போதுதானே தொடங்கும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நம் பழந்தமிழர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தென்மேற்குக் காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், நம் மாநிலம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குக் காற்றினால் பெறுகின்றது. ஆகவே இங்கே இலை உதிரும் காலமும் இல்லை. வானம் வெளுக்கும் சரத்தும் இல்லை.

இதனால்தான் தமிழ்நிலத்தில் நீத்தார் நாள் ஒன்றோடு நில்லாமல் மூன்றாக விரிந்து விளங்குகிறது. ஆடியில் நம் வயலில் மழையில்லை. ஆயினும் குடகு மலையில் பெய்த மழை காவிரியில் புதுப்புனலாக வருகின்றது. அது ஆடி அமாவாசை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை நெல் களம் காண்கிறது; அது மாளய அமாவாசையை ஒட்டிய காலம். தை மாதத்தில் சம்பா நெல் வீடு வருகின்றது. அது தை அமாவாசை. தட்சிணாயனத் தொடக்கத்தில் ஒன்று, உத்தராயணத் தொடக்கத்தில் ஒன்று, இடையே நாடு முழுவதற்கும் பொதுவான மாளயம் ஒன்று. புதுநீர் வந்தால் முதற்கை நீர் அவர்களுக்கு. புதுநெல் வந்தால் முதற்பிடி சோறு அவர்களுக்கு. இதுவே நம் முன்னோர் வகுத்த நெறி.

இது புதிதாக வந்த நெறியுமன்று. திருவள்ளுவ தேவர் இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவருள் முதல்வராகத் தென்புலத்தாரையே வைத்தார். தெய்வமும் அவர்க்குப் பின்னரே எண்ணப்பட்டது. அதற்கும் முற்பட்ட புறநானூற்றில், போர் தொடுக்குமுன் அறம் அறிவிக்கும் பாண்டிய மன்னன், தென்புலத்தில் வாழ்வோர்க்குக் கடன் ஆற்றும் மக்களை இன்னும் பெறாதவர்களை அரண் தேடிக்கொள்ளுமாறு எச்சரிப்பதாக நெட்டிமையார் பாடுகின்றார். நீத்தார் கடன் நின்றுபோகக் கூடாதே என்று பகைவர் நாட்டு மக்களிடத்தும் இரங்கிய நாடு இது.

தென்திசை அச்சமா, அருளா?

தென்திசை எமனுடைய திசை என்று உலகம் அஞ்சும். ஆனால் நம் சிவாலயங்களில் அத்திசையை நோக்கி அமர்ந்திருப்பவர் யார்? தட்சிணாமூர்த்தி. வடக்கே இமயத்தில், கல்லால மரத்தின் அடியில், தெற்கு நோக்கி அமர்ந்து மௌனத்தால் உபதேசிக்கின்றார். மரணம் வரும் திசையை நோக்கியே ஞானகுரு அமர்ந்திருக்கின்றார் என்றால், அத்திசையில் சென்ற நம் தாய் தந்தையர் அவருடைய பார்வையில்தான் இருக்கின்றனர். இதைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்?

மேலும் 'மகாலயம்' என்பதற்குப் பேரொடுக்கம் என்றும் பொருள் உரைப்பர். ஒடுக்குகின்றவனே மீளத் தோற்றுவிக்கும் முதல்வன் என்பது சைவ சித்தாந்தத்தின் உயிர்நிலை. அறுத்த நெல்லே விதையாகின்றது. ஆதலின் ஒடுக்கத்தின் நாளாகிய அமாவாசைக்கு மறுநாளே சத்தியின் விழா தொடங்குகின்றது. வடநாட்டில் இன்று கலசத்தைச் சுற்றி மண்ணிட்டு வாற்கோதுமை விதைத்து முளை எழுப்புகின்றனர். நேற்று எள், இன்று முளை. தொடக்கத்தில் கூறிய கருத்து இப்போது விளங்குமென எண்ணுகிறோம்.

சாத்திரமா, பருவமா?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு நேராக வருவோம். பருவம் காரணம் என்றால் சாத்திரம் பொய்யாகிவிடுமா? ஆகாது. எந்தக் கிரியையும் சங்கற்பத்தோடுதான் தொடங்குகின்றது. அச்சங்கற்பத்தில் சொல்லப்படுவன யாவை? எந்தத் தீவு, எந்த வருடம், எந்தக் கண்டம், மேருவுக்கு எத்திசை. பின்பு எந்த அயனம், எந்த இருது, எந்த மாதம், எந்தத் திதி. இவையெல்லாம் இடமும் காலமும் அன்றோ! "நீ பூமியில் எங்கே நின்றுகொண்டு இதைச் செய்கிறாய்?" என்பதையே சாத்திரம் முதலில் கேட்கின்றது. நிலத்தையும் பருவத்தையும் ஒதுக்கிவிட்டுச் சாத்திரம் பேசவில்லை; அவற்றின் மேல் நின்றே பேசுகின்றது. கடல் கடந்து வாழ்வோருக்குக் கிரியை செய்விக்கும் புரோகிதர்கள் சங்கற்பத்தில் அவ்விடத்திற்கு ஏற்ற பெயர்களைச் சொல்வதும் இக்கருத்துப் பற்றியே.

நாளையும் திசையையும் நிலம் தருகின்றது. நன்றியை நிலம் தர இயலாது. அதை மனிதன்தான் தரவேண்டும். மழை பெய்யும் நாடெல்லாம் நெல் விளைவதில்லை. விதைத்தவன் வயலில்தான் விளைகின்றது.

அப்படியானால் காவிரிக்கு வர இயலாதவர் என் செய்வது? திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றை நினையுங்கள். கயிலைக் காட்சியை விரும்பி வடநாடு முழுதும் நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் உந்தினார், உடலால் புரண்டார். கயிலையை அடையவில்லை. இறைவன் அவரை அங்கிருந்த பொய்கையில் மூழ்குக என்றார். மூழ்கியவர் எழுந்த இடம் காவிரிக்கரையிலுள்ள திருவையாறு. அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. அவ்வரலாற்றைத் திருவையாற்றில் ஆண்டுதோறும் கொண்டாடும் நாளும் முன்னோர்க்கு உரிய ஆடி அமாவாசையே. செல்ல முடியாத இடத்தை, நின்ற இடத்திலேயே தந்தருளினான் இறைவன். நடக்கவேண்டிய அளவு நடந்தவருக்கே அது கிடைத்தது என்பதையும் மறவாதீர்கள்.

ஆகவே, தம்பி! வர இயலும் ஆண்டில் வாருங்கள்; உங்கள் தாயாரும் மகிழ்வார்கள். இயலாத ஆண்டில் நீங்கள் நிற்கும் மண்ணிலேயே தூய நீரைக் கையில் ஏந்தி, தென்திசை நோக்கி, தந்தையாரின் பெயரைச் சொல்லுங்கள். பசித்தவர் ஒருவருக்கு உணவளியுங்கள். அந்நீரைக் காவிரியாக்குவது இறைவன் கடன்.

இங்கே இருக்கும் நமக்கு ஒரு சொல்

வெளிநாட்டிலிருப்பவருக்கு விடை சொல்லியாயிற்று. ஆற்றங்கரையிலேயே வாழும் நமக்கும் ஒன்று சொல்லவேண்டும். நேற்றுப் படித்துறையில் நாம் கண்டது இது: மந்திரம் சொல்லி எள் விட்ட அதே நீரில் கழற்றிய ஆடைகள் மிதந்தன, நெகிழிப் பைகள் மிதந்தன, ஒருவர் விட்டதை மற்றொருவர் காலால் விலக்கி மூழ்கினார். பழைய துணியை ஆற்றில் விட்டால் பாவம் கழியும் என்று எவரோ சொல்லிவைத்தது பல துறைகளிலும் பரவிவிட்டது. நம் முன்னோர் அதே ஆற்றில்தான் குடிநீர் முகந்தனர். நாம் குடிக்க அஞ்சும் நீரை அவர்களுக்குக் கொடுப்பது எவ்வாறு முறையாகும்?

இராமேசுவரக் கடலில் எடுத்த மணலைத் திரிவேணியில் சேர்த்து, அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாத சுவாமிக்கு அபிடேகம் செய்வது நம் நாட்டு யாத்திரை மரபு. வடக்கும் தெற்கும் ஒரு பிடி மணலாலும் ஒரு சொம்பு நீராலும் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த மணலும் நீரும் கெட்டால் கட்டும் அவிழும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. ஜூன் 12 அதனைத் திறக்கும் மரபு நாள். ஆயினும் நீர்வரத்துக் குறைந்த பல ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப்போயிற்று. வரும் நீரே அரிதாகும்போது வந்த நீரையும் அழுக்காக்குவது எள் இறைத்த கையாலேயே கடனைப் பெருக்குவதாகும்.

இனி வரும் தை அமாவாசையில் கழற்றிய ஆடையை வீட்டுக்கே எடுத்துச் செல்வோம். நல்ல ஆடையாயின் துவைத்து இல்லாதவருக்கு அளிப்போம். இலையும் எள்ளும் தவிர வேறொன்றும் நீரில் சேராதிருக்கட்டும். ஆற்றைக் காப்பதும் பிதிர்க்கடனே. நாமும் ஒருநாள் தென்புலத்தாராகி, நம் பிள்ளைகள் தரும் நீருக்காகக் கை நீட்டுவோம். அன்று அவர்கள் கையில் தெளிந்த நீர் இருக்கவேண்டும்.

அம்மையப்பர் அதற்கு அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.